மதிலுக்குள் ஓர் ஆபீஸ்: கோல்ப் ஆட்டமும் கம்பெனி வியாபாரமும்

செம்பூர் வட்டாரத்தில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு அந்தப் பச்சைப் புல்வெளி புதிதல்ல. செடா நகர் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள், டிராம்பே பக்கத்து ஆலைகளில் ஷிப்டு வேலை பார்ப்பவர்கள், ஹார்பர் லைன் ரயிலைப் பிடிக்க ஓடும் குமாஸ்தாக்கள் என்று எல்லோரும் ஒரு தடவையாவது அந்த மதிலை ஒட்டிப் போயிருப்பார்கள். இடநெருக்கடிக்குப் பேர்போன இந்த மாநகரத்தில் இத்தனை பெரிய வெட்டவெளியா என்று வியந்தும் இருப்பார்கள். அதுதான் 1927-ம் ஆண்டில் தோன்றிய பம்பாய் பிரசிடென்சி கோல்ப் கிளப்.

உள்ளே நடப்பது என்ன? நாலு பெரிய மனிதர்கள் ஒரு சின்ன வெள்ளைப் பந்தை அடிக்கிறார்கள். அது விழுந்த இடத்துக்கு நடந்து போகிறார்கள். மறுபடியும் அடிக்கிறார்கள். இதற்கா இவ்வளவு நிலம், இதற்கா இவ்வளவு பணம் என்று கேட்கத் தோன்றும்.

நியாயமான கேள்விதான். ஆனால் அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும். ஆபீசில் பத்து நிமிஷம் பேட்டி கொடுக்கவே நேரமில்லாத கம்பெனித் தலைவர்கள், இந்த ஓர் ஆட்டத்துக்கு மட்டும் அரை நாளைக் கொடுப்பது ஏன்?

பணக்காரர் விளையாட்டைப் பற்றி நமக்கென்ன என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாம் வேலை பார்க்கும் தொழிற்சாலையை விற்பதா, வேறு மாநிலத்துக்கு மாற்றுவதா, யாருக்கு ஜெனரல் மானேஜர் பதவி கொடுப்பது என்ற பேச்சுகள் டைரக்டர்கள் கூட்டத்துக்கு வருமுன்பே, இதுபோன்ற புல்வெளிகளில் பாதி பேசி முடிக்கப்படுவது உண்டு. நாளை நம் பிள்ளைகள் படித்துப் பெரிய உத்தியோகத்துக்குப் போகும்போது அவர்கள் முன்னால் நிற்கப்போவதும் இதே வாசல்தான்.

ஆட்டம் எப்படி?

முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வோம். ஒரு முழு மைதானத்தில் 18 குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழிக்கும் பந்தை அடிக்கத் தொடங்கும் இடம் நூறு மீட்டர் முதல் ஐந்நூறு மீட்டருக்கு மேல் தொலைவிலும் இருக்கலாம். நடுவில் மரம், மணல்பள்ளம், குட்டை என்று இடைஞ்சல்கள். மிகக் குறைந்த அடிகளில் 18 குழிகளிலும் பந்தைப் போடுபவர் வெற்றி பெற்றவர். தேர்ந்த ஆட்டக்காரருக்கு இத்தனை அடிதான் என்று மைதானத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அநேக மைதானங்களில் அது 72 அல்லது அதை ஒட்டி இருக்கும். பையில் 14 மட்டைகள் வரை எடுத்துப் போகலாம். ஆடி முடிக்க நாலு மணி நேரம் ஆகும். மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும்.

பிறந்த இடம் ஸ்காட்லாந்து. இந்த மோகத்தில் ஜனங்கள் வில்வித்தைப் பயிற்சியை மறந்துவிடுகிறார்கள் என்று 1457-ம் ஆண்டிலேயே அந்நாட்டு ராஜாங்கம் இதற்குத் தடை போட்டது. தடை நிலைக்கவில்லை. பின்னால் பிரிட்டிஷ்காரர்கள் போன இடமெல்லாம் ஆட்டமும் போயிற்று. 1829-ல் கல்கத்தாவில் தொடங்கிய கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழமையானது என்ற பெயரை இன்றும் வைத்திருக்கிறது. பெங்களூர் கிளப் 1876-ல் வந்தது. உதகை, கொடைக்கானல் மலைகளிலும் கிண்டியிலும் வெள்ளைக்காரர்கள் மைதானம் போட்டார்கள்.

துரைமார்கள் கப்பலேறிப் போனார்கள், கிளப்புகள் போகவில்லை. அவர்கள் உட்கார்ந்த நாற்காலிகளில் கம்பெனி டைரக்டர்களும் பெரிய அதிகாரிகளும் வந்து உட்கார்ந்தார்கள்.

வியாபாரிக்கு ஏன் பிடிக்கிறது?

காரணங்கள் நாலு.

முதலாவது, நேரம். ஓர் ஆட்டக்காரர் 90 அடி அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அடிக்குச் சில விநாடிகள்தான். எல்லாவற்றையும் கூட்டினாலும் பந்தை அடிக்கும் நேரம் சில நிமிஷங்களுக்கு மேல் தேறாது. மீதி நேரமெல்லாம் நடை, பேச்சு. நாலு பேருக்கு மேல் கூட்டம் இல்லை. பைல் இல்லை, ஸ்டெனோ இல்லை, வாசலில் காத்திருக்கும் ஆள் இல்லை. பல கிளப்புகளில் ஆட்டத்தின் நடுவே செல்போனை எடுத்துப் பேசுவதே மரியாதைக் குறைவு. ஒரு பெரிய பாங்கியின் தலைவரை நாலு மணி நேரம் தனியாகப் பிடித்து வைக்க வேறு எந்த இடத்தில் முடியும்?

இரண்டாவது, சமன் செய்யும் கணக்கு. இதை 'ஹாண்டிகேப்' என்பார்கள். ஒருவர் வழக்கமாக 80 அடியில் ஆட்டத்தை முடிப்பவர், மற்றவருக்கு 100 அடி வேண்டும் என்றால், பின்னவருக்கு 20 அடி சலுகை உண்டு. அன்று அவர் 97 அடியில் முடித்தால் 77 என்றே கணக்கு. முன்னவர் 79 அடி எடுத்திருந்தால் சுமாரான ஆட்டக்காரருக்கே வெற்றி! சதுரங்கத்தில் விசுவநாதன் ஆனந்தோடு நாம் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட வேண்டியதுதான். டென்னிசில் அறுபது வயது சேர்மன் முப்பது வயது மானேஜரோடு ஓட முடியாது. கோல்ப்பில் அந்தச் சங்கடம் இல்லை. வயதும் திறமையும் வெவ்வேறாக இருந்தாலும் இருவரும் மானத்தோடு ஆடலாம். பெரியவரோடு பழக இதைவிட வசதியான ஏற்பாடு வேறில்லை.

மூன்றாவது, குணத்தை அளக்கலாம் என்ற நம்பிக்கை. சாதாரண ஆட்டங்களில் நடுவர் கிடையாது. தன் அடியைத் தானே எண்ணிக்கொள்ள வேண்டும். தன் தப்பைத் தானே சொல்ல வேண்டும். 1925-ல் அமெரிக்க ஓபன் போட்டியில் பாபி ஜோன்ஸ் என்ற புகழ்பெற்ற வீரர், தான் அடிக்கத் தயாரானபோது பந்து அசைந்துவிட்டது என்று தாமே முன்வந்து ஓர் அடியைக் கூட்டிக்கொண்டார். கடைசியில் போட்டி சமமாக முடிந்து, மறு ஆட்டத்தில் அவர் தோற்றார். அந்த ஓர் அடியைச் சொல்லாமல் இருந்திருந்தால் பட்டம் அவருடையது. இப்படிப்பட்ட ஆட்டத்தில் புதருக்குள் விழுந்த பந்தைக் காலால் நகர்த்துகிறவன், நாளை கணக்குப் புத்தகத்திலும் கை வைப்பான் என்று முதலாளிகள் எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்தில் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்கிறது.

நாலாவதுதான் முக்கியம். வியாபாரம் பேச வந்தோம் என்று யாரும் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. நம் ஊரில் பெண் பார்ப்பதை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் கோயிலில் வைத்துக்கொள்வது உண்டு அல்லவா? பிடித்திருந்தால் மேலே பேசலாம்; பிடிக்காவிட்டால் சாமி கும்பிட வந்தோம், திரும்பினோம். இரு தரப்புக்கும் தலைகுனிவு இல்லை. கோல்ப் மைதானம் தொழிலதிபர்களுக்கு அந்தக் கோயில் பிராகாரம் போல. காண்டிராக்ட் கிடைத்தால் லாபம். கிடைக்காவிட்டால் நல்ல காற்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

வாசலில் நிற்பவர் யார்?

இதுவரை சொன்னதில் குற்றம் ஒன்றுமில்லை. நல்ல ஆட்டம்; உடம்புக்கும் மனசுக்கும் நல்லது. ஆனால் இத்தனை லாபம் தரும் சந்திப்பு நடக்கும் இடத்துக்குள் யார் போகலாம் என்று தீர்மானிப்பது யார் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

மேலே சொன்ன பாபி ஜோன்ஸ், கிளிபோர்டு ராபர்ட்ஸ் என்ற நிதித்துறைப் பிரமுகரோடு சேர்ந்து அமெரிக்காவில் அகஸ்டா நேஷனல் என்ற கிளப்பை அமைத்தார். ஆட்டத்தில் அவ்வளவு நேர்மை காட்டியவர் தோற்றுவித்த அந்தக் கிளப்பில், கறுப்பர் ஒருவர் உறுப்பினராக 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெண்கள் 2012 வரை காத்திருந்தார்கள்.

1990-ல் கதவு திறந்தது எப்படி? அதே ஆண்டு அலபாமா மாநிலத்தில் வேறொரு கிளப்பில் பெரிய போட்டி நடக்க இருந்தது. கறுப்பரைச் சேர்க்கும்படி எங்களை யாரும் நிர்ப்பந்திக்க முடியாது என்ற பாணியில் அதன் நிறுவனர் பேசிவிட்டார். எதிர்ப்பு கிளம்பியது. டெலிவிஷனில் விளம்பரம் கொடுக்க இருந்த பெரிய கம்பெனிகள் பின்வாங்கின. அதற்குப் பிறகுதான் பல கிளப்புகள் தங்கள் விதிகளைத் திருப்பிப் பார்த்தன. நியாயம் பேசித் திறக்காத கதவு, விளம்பரப் பணம் போகும் என்றதும் திறந்தது.

2012-ல் இன்னொரு வேடிக்கை. அகஸ்டா போட்டிக்குப் பணம் கொடுத்து ஆதரிக்கும் பெரிய கம்பெனிகளில் ஐ.பி.எம். ஒன்று. அதன் தலைவர்களைக் கிளப்பில் சேர்த்துக்கொள்வது வழக்கம். அந்த ஆண்டு ஐ.பி.எம். தலைமைப் பதவிக்கு முதல்தடவையாக ஒரு பெண்மணி வந்தார். கம்பெனியின் பணம் வேண்டும். கம்பெனியின் தலைவி வேண்டாமா என்று பத்திரிகைகள் கேட்டன. சில மாதங்களில் இரண்டு பெண்மணிகளைக் கிளப் சேர்த்துக்கொண்டது. ஐ.பி.எம். தலைவி அந்த இருவரில் இல்லை! ஸ்காட்லாந்தின் பழம்பெரும் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிளப் பெண்களுக்குக் கதவு திறக்க 2014 ஆயிற்று.

நம் நாட்டுக் கதை என்ன? பம்பாயில் ஐரோப்பியர்களுக்கு மட்டும் என்று கிளப்புகள் இருந்த காலத்தில், கவர்னர் வில்லிங்டன் பிரபுவின் முயற்சியால் 1918-ல் இந்தியரும் ஐரோப்பியரும் சேர்ந்திருக்கும் ஒரு கிளப் தொடங்கியது. டார்டியோவில் கோல்ப் மைதானத்தோடு இருக்கும் வில்லிங்டன் கிளப் அதுதான். நிறத்தின் பேரால் இருந்த கதவு பிறகு எல்லா இடத்திலும் போயிற்று. மற்றக் கதவுகள் இருக்கின்றன. பணம் ஒன்று, பல ஆண்டுக் காத்திருப்புப் பட்டியல் ஒன்று, சிபாரிசு செய்ய உள்ளே ஆள் இருக்க வேண்டும் என்பது ஒன்று.

உடையும் ஒரு கதவாகிறது. 2017-ல் டெல்லி கோல்ப் கிளப்பின் உணவுக்கூடத்துக்கு விருந்தினராகப் போன மேகாலயப் பெண் ஒருவரை, அவர் உடுத்தியிருந்த காசி இனத்துப் பாரம்பரிய உடைக்காக வெளியேறச் சொன்ன சம்பவம் நாடெங்கும் கண்டனத்தைக் கிளப்பியது. சென்னையில் 2014-ல் வேட்டி கட்டிவந்த ஐகோர்ட்டு நீதிபதி ஒருவரையே ஒரு கிரிக்கெட் சங்கக் கிளப்பில் உள்ளே விடவில்லை. அதன்பேரில் தமிழக சட்டசபை அதே ஆண்டில் வேட்டிக்குத் தடை போடக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் தமிழ்நாட்டோடு சரி. மும்பைக்கும் டெல்லிக்கும் அது செல்லாது.

பணம் யாருடையது?

கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் வாசகர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். பெரிய அதிகாரிகளின் கிளப் சந்தாவைப் பெரும்பாலும் அவர்கள் தம் சட்டைப் பையிலிருந்து கட்டுவதில்லை. கம்பெனியே உறுப்பினராகச் சேர்ந்து, தன் அதிகாரிகளின் பெயரைக் கொடுக்கும். லட்சக்கணக்கில் போகும் இந்தத் தொகை, கம்பெனிக் கணக்கில் செலவாக எழுதப்படுகிறது. ஊழியர்களுக்காகக் கட்டும் கிளப் கட்டணம் வியாபாரச் செலவே என்ற நிலையைச் சுப்ரீம் கோர்ட்டும் 2012-ல் ஏற்றது. செலவு என்று எழுதினால் லாபம் குறையும். லாபம் குறைந்தால் வரியும் குறையும். ஆக, மதிலுக்கு வெளியே நிற்பவர்களும் ஒரு சிறு பங்கைக் கொடுத்தவர்கள்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2017-ல் வந்த ஜி.எஸ்.டி. சட்டம், கிளப் சந்தாவுக்குக் கட்டிய வரியைக் கம்பெனிகள் பொதுவாகத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது என்று வைத்தது. அமெரிக்கா அதைவிடக் கண்டிப்பு. 2017-ல் நிறைவேறிய வரிச் சட்டப்படி, 2018 முதல் வாடிக்கையாளரைக் கோல்ப்புக்கு அழைத்துப் போகும் செலவுக்கு வரிச் சலுகையே கிடையாது. ஆடுங்கள், ஆனால் அரசாங்கத்தின் செலவில் வேண்டாம் என்பது அதன் பொருள்.

நிலத்தின் கதையும் இதுதான். நாட்டின் பழைய மைதானங்களில் பல, அரசாங்க நிலத்தில் சொற்ப வாடகைக்குக் கிடைத்தவை. கிண்டி குதிரைப் பந்தய வளாகம் நல்ல உதாரணம். அதற்குள்ளேதான் சென்னை ஜிம்கானா கிளப்பின் கோல்ப் மைதானமும் இருந்து வந்தது. சுதந்திரத்துக்கு முன் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த அந்த 160 ஏக்கருக்கு ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 அணா! வாடகையை உயர்த்திய பின் ஏற்பட்ட பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என்று சொல்லி, 2024 செப்டம்பரில் தமிழக அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தைக் கையகப்படுத்தியது. விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. தீர்ப்பு எப்படியானாலும், தாராவியில் பத்துக்குப் பத்து அறைக்கு மாத வாடகை கொடுத்தவர்களுக்கு அந்த 13 அணாக் கணக்கின் பொருள் புரியும்.

சரி, இவ்வளவு செலவழித்துத் தலைவர்கள் ஆடுவதால் கம்பெனிக்காவது லாபமா? அமெரிக்காவில் மூன்று பேராசிரியர்கள், பெரிய கம்பெனித் தலைவர்கள் எத்தனை நாள் கோல்ப் ஆடினார்கள் என்ற பதிவுகளை எடுத்து, கம்பெனிகளின் கணக்கோடு வைத்துப் பார்த்தார்கள். 2017-ல் வெளியான அந்த ஆராய்ச்சியின் முடிவு: அதிகமாக ஆடும் தலைவர்களின் கம்பெனிகள், மற்றவற்றைவிடச் சற்றுப் பின்தங்கியே இருந்தன. கொஞ்சம் ஆடினால் உறவு வளரும்; எந்நேரமும் ஆடினால் வேலை கெடும். நம் பாட்டிமார்கள் சொல்வதுதான்.

பிற நாடுகளின் பாடம்

கோல்ப்பும் வியாபாரமும் கலந்து பைத்தியமாக முற்றிய நாடு ஜப்பான். 1980-களில் அங்கே கிளப் உறுப்பினர் உரிமையைப் பங்குப் பத்திரம் போலத் தரகர்கள் மூலம் வாங்கி விற்றார்கள். அதன் விலைப்புள்ளிகள் பத்திரிகையில் வந்தன. 1990-ல் ஜப்பானிய வியாபாரி ஒருவர் கலிபோர்னியாவின் புகழ்பெற்ற பெபிள் பீச் மைதானத்தை 80 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார். உறுப்பினர் உரிமைகளை விற்றே பணத்தை எடுத்துவிடலாம் என்பது கணக்கு. அது பலிக்கவில்லை. 1992-ல் சுமார் 50 கோடி டாலருக்கு விற்றுவிட்டுப் போனார். ஜப்பானின் நிலவிலையும் பங்கு விலையும் சரிந்தபோது, கையில் இருந்த கிளப் பத்திரங்களும் கரைந்தன.

சீனா தடையை நம்பியது. 2004-ல் புது மைதானங்கள் கூடாது என்று உத்தரவு வந்தது. உத்தரவுக்குப் பிறகும் வேறு வேறு பெயர்களில் மைதானங்கள் முளைத்தன. 2015-ல் கம்யூனிஸ்டுக் கட்சி தன் உறுப்பினர்கள் கோல்ப் கிளப் சந்தா அட்டை வைத்திருப்பதற்கே தடை விதித்தது. 2017 தொடக்கத்தில் 111 மைதானங்களை மூடுவதாக அறிவித்தார்கள். ஆட்டம் ஆடுவது குற்றமல்ல, அதன் பேரில் லஞ்சம் வாங்குவதுதான் குற்றம் என்று இடையில் அவர்களே விளக்கமும் சொல்ல வேண்டி வந்தது.

தென் கொரியா எடுத்த வழி வேறு. 1993-ல் பதவிக்கு வந்த ஜனாதிபதி கிம் யங் சாம், தன் பதவிக்காலத்தில் கோல்ப் ஆடமாட்டேன் என்று அறிவித்தார். அதிகாரிகளும் மைதானம் பக்கம் போக அஞ்சினார்கள். ஆனால் தலைவரின் விரதம் அவர் காலத்தோடு போயிற்று. 2016-ல் ஒரு சட்டம் வந்தது. அரசாங்க அதிகாரிகள், பத்திரிகைக்காரர்கள், ஆசிரியர்கள் யாரும் காரியம் ஆகவேண்டியவர் செலவில் கோல்ப் ஆடக் கூடாது. அவரவர் பங்கை அவரவர் கட்ட வேண்டும். ஆட்டத்துக்குத் தடை இல்லை. ஓசி ஆட்டத்துக்குத்தான் தடை. மூன்று நாடுகளில் உருப்படியான வழி இதுதான் என்று தோன்றுகிறது.

பை தூக்கியவர்கள்

மைதானத்தில் நாலு பேர் பேசுவதை ஐந்தாவதாகக் கேட்டுக்கொண்டு நடப்பவர் ஒருவர் உண்டு. மட்டைப் பையைத் தூக்கி வருபவர். அவரைக் 'கேடி' என்பார்கள். போலீஸ் ஸ்டேஷன் பட்டியல் நினைவுக்கு வர வேண்டாம். இது ஆங்கிலச் சொல். மைதானத்தை அடுத்த குடிசைகளிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் வந்த ஏழைப் பையன்கள் பலருக்கு இது பிழைப்பு.

இந்தியக் கோல்ப்பின் பெருமையை உயர்த்தியவர்களில் பலர் இவர்களே. 1991-ல் இந்திய ஓபன் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டெல்லியில் பை தூக்கியவர். 2009-ல் அதே பட்டத்தை வென்ற முனியப்பா, பெங்களூரில் கேடியாக இருந்தவர். 2016, 2017 இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து வென்ற சௌராசியா, கல்கத்தா கிளப்பில் புல் பராமரித்த ஊழியரின் மகன்.

முன்வாசல் வழியாகப் போனவர்கள் வியாபாரத்தை வென்றார்கள். பின்வாசல் வழியாகப் போனவர்கள் ஆட்டத்தையே வென்றார்கள். திறமைக்கு மதில் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் அந்தத் திறமை வெளியே தெரிந்ததற்குக் காரணம், போட்டியில் அடிகளை எல்லோர் கண்முன்னாலும் எண்ணினார்கள் என்பதுதான். பதவி உயர்வில் அப்படி எண்ணுகிறார்களா?

நம் பங்கு என்ன?

இங்கே நாம் நம்மையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. நாமும் அறிமுகத்தின் மூலமாகத்தானே இந்த மாநகரத்தில் கால் ஊன்றினோம்? ஊர்க்காரர் ஒருவர் சொல்லித் தாராவித் தோல்பதனிடும் இடத்தில் வேலை. மாதுங்கா மெஸ்ஸில் சாப்பிட்டவர் சொல்லி டைப்பிஸ்டு வேலை. ஆள் பழக்கம் இல்லாமல் உலகம் நடக்காது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. நம்முடைய அந்த வட்டங்களிலும் ஜாதி பார்த்து, மாவட்டம் பார்த்து ஆள் சேர்த்தது உண்டு. வெளியே நின்றவர்கள் அங்கும் இருந்தார்கள். கோல்ப் கிளப்பின் வாசலைக் குறைசொல்லும் வாய், நம் சங்கத்தின் வாசலையும் பார்த்துப் பேச வேண்டும்.

இரண்டுக்கும் வித்தியாசமும் உண்டு. நம் பழக்கம் ஒரு கூலி வேலையைத் தேடித் தந்தது. அவர்கள் பழக்கம் ஆயிரம் பேரின் வேலையைத் தீர்மானிக்கிறது. அதிகாரம் எவ்வளவு பெரியதோ, அவ்வளவுக்கு அதை வெளிச்சத்தில் வைக்க வேண்டும்.

ஆகவே கோல்ப்பை ஒழிக்க வேண்டும் என்று கோஷம் போடுவதில் அர்த்தமில்லை. அது நல்ல ஆட்டம். பிள்ளைக்கு வாய்ப்புக் கிடைத்தால், கம்பெனியில் யாராவது கூப்பிட்டால், கூச்சப்படாமல் போய்க் கற்றுக்கொள்ளட்டும். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக் நாலாவது இடம் பெற்றபோது, மட்டையைத் தொட்டுப் பார்க்காத வீடுகளில்கூட விடியற்காலையில் எழுந்து டி.வி. பார்த்தார்கள்.

கேட்க வேண்டியது வேறு. பதவி உயர்வுக்கு என்ன தகுதி என்று எழுதி வைத்திருக்கிறீர்களா என்று யூனியன்கள் கேட்கலாம். கிளப் சந்தாவுக்கு எவ்வளவு செலவு, அதனால் வந்த வியாபாரம் எவ்வளவு என்று, நாலு பங்கு வைத்திருக்கும் குமாஸ்தாவும் பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். அவருக்கு அந்த உரிமை உண்டு. அரசாங்க நிலத்தில் இருக்கும் மைதானத்துக்கு வாடகை என்ன, வாரத்தில் ஒரு நாளாவது அக்கம்பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை உள்ளே விடுகிறீர்களா என்று கவுன்சிலர்களும் எம்.எல்.ஏ.க்களும் கேட்கலாம். அதிகாரிகள் யார் செலவில் ஆடுகிறார்கள் என்பதற்குக் கொரியாவைப் போல ஒரு விதி இங்கும் வரலாம்.

தன் தப்பைத் தானே சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்த ஆட்டத்தின் முதல் பாடம். ஆட்டத்தில் காட்டும் அந்த நேர்மையைக் கம்பெனிகள் தங்கள் கணக்கிலும், கிளப்புகள் தங்கள் வாசலிலும் காட்டினால் போதும். செம்பூர் மதிலை ஒட்டி ரயிலுக்கு ஓடும் நம் குமாஸ்தாவுக்கு உள்ளே ஆடும் நாலு பேர்மீது ஒரு மனத்தாங்கலும் இருக்காது.